அலெக் கின்னஸை எந்தப் படத்துலேருந்து ஆரம்பிக்கிறது?

போன மாசம் சித்தி பையன் ஃபோன் பண்ணான். ஹாஸ்டல்ல பசங்களோட உக்காந்து 1977ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்த பாத்திருக்கான். "அண்ணே, அந்த போர்வை போத்திட்டு வர்ற தாத்தா யாருண்ணே, மத்தவங்கள்லாம் ஏதோ விளையாட்டுக்கு நடிக்கிற மாதிரி இருக்கு, அவரு மட்டும் நெசமாவே அந்தப் பாலைவனத்துல இருபது வருசமா குடியிருந்தவர் மாதிரி இருக்காரே"ன்னான். அவரு பேரு அலெக் கின்னஸ்டா, லண்டன்காரர், 1914ல பொறந்து 2000ல போய்ச் சேந்துட்டாரு, நீ பாத்தது அவர் நடிப்புல நூத்துல ஒரு பங்கு கூட இல்லன்னு சொன்னேன். சொன்னதுதான் தப்பு. "அப்ப எதுல ஆரம்பிக்கட்டும்? வெள்ளி ராத்திரி, சனி, ஞாயிறு ஃப்ரீ"ன்னுட்டான்.

கேட்டா சின்ன கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனா நான் இதே கேள்விக்கு ஏற்கனவே ஒரு தடவ தப்பா பதில் சொல்லி சூடு பட்டவன். ரெண்டு வருசம் முன்னாடி எங்க மச்சானுக்கு, நல்ல நடிகர்னா இவருதான் மச்சான்னு ஆசையா 1979ல பிபிசில வந்த டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை சீரியல போட்டுக் காட்டினேன், பத்தாவது நிமிசம் தலை சாஞ்சிடுச்சு, அரை மணி நேரத்துல கொறட்ட. எழுப்பினதுக்கு "ஸ்பை கதைன்னு சொன்ன, எல்லாரும் ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாக்குறானுங்க"ன்னு ஒரு பேச்சு வேற. அதுலேருந்து அவருக்கு அலெக் கின்னஸ்னா தூக்க மாத்திரை. ஆரம்பம் தப்பாப் போச்சுன்னா அந்த ஆள் நமக்கு அவ்ளோதான். அதனால இந்தத் தடவ கொஞ்சம் ஒக்காந்து யோசிச்சேன்.

இவர் விசயத்துல என்ன சிக்கல்னா, மத்த ஸ்டார்களுக்கு எந்தப் படத்துல ஆரம்பிச்சாலும் அதே மூஞ்சி, அதே நடை, அதே குரல், ரெண்டு படத்துல பழகிடும். இவருக்கு மூஞ்சியே கிடையாது. இருக்கு, ஆனா ஞாபகத்துல நிக்காது. வழுக்க விழ ஆரம்பிச்ச, சாந்தமான, பேங்க் கவுண்டர்ல உக்காந்திருக்க ஒரு மனுசன் மூஞ்சி. அது மேல அவரு வேற வேற ஆள வரஞ்சுக்குவாரு. நாலு படம் பாத்துட்டு நாலுலயும் இருந்தது ஒரே ஆள்னு தெரியாம போனவங்கள எனக்குத் தெரியும். பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேர் இருக்க வேண்டிய எடம் காலியா இருந்த மனுசன், அப்பா யாருன்னு கடைசி வரைக்கும் அவருக்கு உறுதியாத் தெரியல, இதனாலதான் ஒளிஞ்சுக்குறாருன்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அந்த மாதிரி மனோதத்துவத்துல பெருசா நம்பிக்க இல்ல, ஆனா மனுசன் ஒளியுறாருங்கறது உண்ம.

தொடக்கத்துல ஒரு விளம்பரக் கம்பெனில வாசகம் எழுதுற வேல. அப்புறம் பெரிய நாடக நடிகர் ஜான் கீல்குட் கைதூக்கி விட்டு மேடைக்கு வந்தாரு, 24 வயசுல 1938ல லண்டன் ஓல்ட் விக் நாடக அரங்குல இந்தக்கால டிரெஸ்ல ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட், நடுவுல உலகப் போர், கடற்படைல சேந்து 1943ல சிசிலில படை எறக்குற படகு ஒண்ணுக்கு இவருதான் அதிகாரி. போர் முடிஞ்சு வந்துதான் சினிமால காலூன்றினாரு, 1946லயும் 1948லயும் டிக்கன்ஸ் நாவல வச்சு டேவிட் லீன் எடுத்த ரெண்டு படம். ரெண்டாவது படமான ஆலிவர் ட்விஸ்ட்ல ஃபேகின்ங்கற யூதத் திருடனா பெரிய மூக்கு ஒட்டிக்கிட்டு நடிச்சது யூதர்கள கேவலப்படுத்துதுன்னு பெரிய சண்டையாகி அமெரிக்கால 1951 வரைக்கும் வெளியிட முடியல. இன்னைக்குப் பாத்தாலும் அந்த மூக்கு உறுத்தத்தான் செய்யுது. அதனால அந்தப் படம் லிஸ்ட்லேருந்து முதல்லயே அவுட்.

சரி, இனி ஒவ்வொண்ணா.

மொதல்ல ஸ்டார் வார்ஸ். தம்பி ஏற்கனவே பாத்துட்டான், இருந்தாலும் நெறைய பேரு அங்கதான் ஆரம்பிக்கிறாங்கறதால சொல்றேன். அவர் அதுல வர்றது கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே சிறந்த துணை நடிகர்னு ஆஸ்கர் பரிந்துரை கெடச்சுது, இன்னொரு பக்கம் டைரக்டர் ஜார்ஜ் லூகாஸோட பங்குலேருந்து ரெண்டேகால் சதவீதம்னு போட்ட ஒப்பந்தம் சாகுற வரைக்கும் பணம் கொட்டுச்சு. ஆனா மனுசனுக்கு அந்தப் படத்து மேல அப்படி ஒரு எரிச்சல். ஷூட்டிங் நடக்கும்போதே சிநேகிதிக்கு எழுதின லெட்டர்ல வசனமெல்லாம் குப்பன்னு பொலம்பியிருக்காரு. வயசான காலத்துல எழுதின ஒரு டயரிக் குறிப்புல ஒரு சம்பவம் சொல்றாரு, சான் ஃப்ரான்சிஸ்கோல ஒரு பன்னெண்டு வயசு பையன் வந்து நான் அந்தப் படத்த நூறு தடவைக்கு மேல பாத்துட்டேன்னு பெருமையா சொல்லியிருக்கான். இவரு, எனக்காக ஒண்ணு செய்வியாப்பா, இனிமே அந்தப் படத்த பாக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னு கேட்டிருக்காரு. பையன் ஓன்னு அழுதுட்டானாம். இந்தக் கதைய தம்பிகிட்ட சொன்னப்ப "ரொம்ப திமிருண்ணே"ன்னான். எனக்கும் அப்படித்தான் தோணுது, அந்தப் பணத்த வாங்கிட்டு இந்தப் பேச்சு பேசியிருக்க வேணாம். ஆனா ஒண்ணு கவனிக்கணும், புடிக்காத படத்துலயும் ஒரு எடத்துல கூட அவர் அசால்ட்டா நடிக்கல. அந்தத் தாத்தாவ நம்புறதாலதான் அந்த மந்திரம் தந்திரம் எல்லாத்தையும் நாம நம்புறோம்.

அடுத்தது, எல்லாரும் லிஸ்ட்ல முதல்ல போடுற படம், 1949ல ஈலிங் ஸ்டுடியோ எடுத்த கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ். பிரபுக் குடும்பத்துல பொறந்த அம்மாவ வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்கன்னு அவங்க பையன் அந்தக் குடும்பத்துல வரிசைல நிக்கிற ஒவ்வொருத்தரையா போட்டுத் தள்ளிட்டு தான் பிரபு ஆகப் பாக்குறான். கொல்றவன் டென்னிஸ் பிரைஸ். சாகுற குடும்பம் மொத்தமும் அலெக் கின்னஸ், எட்டு வேசம், அதுல ஒண்ணு பொம்பள வேசம். முதல்ல நாலு வேசத்துக்குத்தான் கேட்டாங்க, ஏன் நாலு, எட்டையும் நானே பண்றேனேன்னு இவரே சொல்லி வாங்கிக்கிட்டது. ஒரே ஃபிரேம்ல ஆறு கின்னஸ் உக்காந்திருக்க ஒரு ஷாட் உண்டு. கம்ப்யூட்டர் கிடையாது, கேமராவ ஆணி அடிச்ச மாதிரி நிறுத்தி, லென்ஸுக்கு முன்னாடி மறைப்பு வச்சு, ஒரு ஆள எடுத்துட்டு ஃபிலிம பின்னாடி சுத்தி அடுத்த வேசம் போட்டு வந்து மறுபடி எடுக்கணும். கேமராவ யாராவது தட்டி விட்டா எல்லாம் போச்சு, அதனால கேமராமேன் டக்ளஸ் ஸ்லோகோம்ப் ராத்திரி அந்தக் கேமரா பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்காரு.

ஆனா இதுல ஆரம்பிக்காதீங்கங்கறதுதான் என் கட்சி. நமக்கு ஒன்பது வேசம் பத்து வேசம் எல்லாம் பழகின சமாச்சாரம், உடனே எண்ண ஆரம்பிச்சிடுவோம், இந்த விக் நல்லாருக்கு, இந்த மீச ஒட்டல, இப்பிடி. அவர் பண்றது அதுக்கு நேர் எதிர். மேக்கப்ப விட உக்கார்ற தோரணைலதான் ஆள மாத்துறாரு, போர் அடிக்கிற பாதிரி, மண்டைக்கனம் புடிச்ச கப்பல்படைக்காரர், ரெண்டு பேருக்கும் முதுகெலும்பே வேற. அது தெரியணும்னா அவரோட சொந்த முதுகு எப்படின்னு முன்னாடியே பழகியிருக்கணும். இன்னொரு விசயம், இந்தப் படத்தோட ருசி முழுக்க வசனத்துலதான், கொலய பத்தி கல்யாணப் பத்திரிகை மாதிரி மரியாதையா பேசிக்கிட்டே போறான் ஹீரோ, சப்டைட்டில்ல பாதி செத்துப் போயிடும். கடைசில கறுப்பர்கள கேவலமா சொல்ற ஒரு குழந்தைப் பாட்டும் வரும், அமெரிக்கால வெளியிட்டப்பவே அந்த வார்த்தைய மாத்திட்டாங்க, கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும், முன்கூட்டியே சொல்லிடுறேன்.

அதே ஈலிங்லேருந்து 1951ல வந்த தி லாவண்டர் ஹில் மாப். இது ஏறத்தாழ ஒண்ணே கால் மணி நேரந்தான், நம்ம ஊர் படத்துல இண்டர்வெல் வர்ற நேரத்துல இது முடிஞ்சே போயிடும். இருபது வருசமா பேங்க்குக்காக தங்கக்கட்டி வண்டில கூடப் போற ஒரு பயந்தாங்கொள்ளி குமாஸ்தா, ஒரு ரூபா திருடினதில்ல, அந்த நாணயத்தாலதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு கணக்குப் போட்டு அந்தத் தங்கத்த அடிக்கிறான். அத உருக்கி, டூரிஸ்ட்டுங்க வாங்குற ஈஃபில் டவர் பொம்மையா வார்த்து பாரிஸுக்கு அனுப்புறாங்க, அங்க கடைக்காரம்மா தெரியாம ஆறு பொம்மைய ஸ்கூல் புள்ளைங்களுக்கு வித்துடுறா. அப்புறம் ஈஃபில் டவர் சுழல் படில கின்னஸும் கூட்டாளியா வர்ற ஸ்டான்லி ஹாலோவேயும் சுத்திச் சுத்தி எறங்கி ஓடி வர்ற சீன் ஒண்ணு இருக்கு, ஓட ஓட தல சுத்தி ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடும், நடுவயசு குமாஸ்தா சின்னப்பையன் மாதிரி சிரிச்சுக்கிட்டே எறங்குறாரு. அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப இஷ்டம். அந்த ஆள் வாழ்க்கைல மொத தடவ சிரிக்கிறான்னு யாரும் வசனம் வச்சு சொல்லல, நமக்கே தெரியும். இந்தப் படத்துக்குத்தான் அவருக்கு மொத ஆஸ்கர் பரிந்துரை, கதை எழுதின டி.இ.பி. கிளார்க்குக்கு ஆஸ்கரே கெடச்சுது. ஆரம்பத்துல ஒரு நிமிசம் கூட இல்லாத ஒரு வேசத்துல ஆட்ரி ஹெப்பர்ன் வந்துட்டுப் போவாங்க, கண்ண சிமிட்டினா போச்சு.

இங்க அவரோட சொந்த உருவம் தெரியும். விக் இல்ல, மூக்கு இல்ல. வாய்ல 'ர' சரியா வராத ஒரு சின்ன மழல, அவ்ளோதான் கூட சேத்துக்கிட்டது. அந்த பேங்க் கவுண்டர் மூஞ்சிய நல்லா மனசுல வாங்கிக்கலாம்.

இப்ப வர்றதுதான் பெரிசு. 1957, டேவிட் லீன், தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய். ஏழு ஆஸ்கர், அதுல ஒண்ணு இவருக்கு சிறந்த நடிகர். ரெண்டே முக்கா மணி நேரம் ஓடும். ஜப்பான்காரன் கைல கைதியா மாட்டின பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், அதிகாரிங்க உடல் வேல செய்யக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு அடம்புடிச்சு தகரக் கொட்டாய்க்குள்ள வெயில்ல வேகுறான், ஜெயிக்கிறான், ஜெயிச்சதும் எதிரிக்கே ஒலகத்துலயே நல்ல பாலம் கட்டிக் கொடுத்துக் காட்டுறேன்னு வெறிபுடிச்சு கட்ட ஆரம்பிச்சிடுறான். தான் யாருக்காக வேல செய்யுறோம்னு ஒரு தடவ கூட அவனுக்கு ஒறைக்கல. நல்ல வேலக்காரன், நேர்மையானவன், தைரியசாலி, துரோகி. நாலும் ஒரே ஆளு. எங்க ஆபீஸ்லயே ரெண்டு மூணு நிக்கல்சன் இருக்காங்க, அது வேற கத.

இந்தப் படத்துல ஒரு சீன் மட்டும் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன். நாள் கணக்கா அந்தத் தகரப் பெட்டில அடைச்சு வச்சிட்டு வெளில எடுக்குறாங்க. கர்னல் தன்னோட ஆளுங்க முன்னாடி, ஜப்பான் கமாண்டண்ட் சைட்டோவோட குடிசை வரைக்கும் நடந்து போகணும். யாரும் புடிக்க வேணாம்னு கைய வெலக்கிட்டு நடக்குறாரு. தோளு நேரா இருக்கு, தல நேரா இருக்கு, காலு மட்டும் சொன்ன பேச்சு கேக்கல, ஒவ்வொரு அடியும் எங்கயோ போய் விழுது. மேல் பாதி கர்னல், கீழ் பாதி நோயாளி. அந்த நடைய எங்கேருந்து எடுத்தாருன்னா, அவரோட பையன் மாத்யூ சின்ன வயசுல போலியோ வந்து படுத்து, திரும்ப நடக்கப் பழகினானே, அந்த நடை. பெத்த பையன் தள்ளாடி நடந்தத பாத்த அப்பன் அத இங்க கொண்டாந்து வச்சிருக்காரு. ஆயுசுல தான் செஞ்ச நல்ல நடிப்புல ஒண்ணுன்னு இந்தத் துண்ட அவரே சொல்லியிருக்காரு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த சீன எனக்கு சும்மா பாக்க முடியல.

(பையன் படுக்கைல கெடந்தப்ப வழில இருக்க ஒரு கத்தோலிக்க சர்ச்சுல போய் தெனம் உக்காருவாராம், கடைசில 1956ல அந்த மதத்துக்கே மாறிட்டாரு. அதுக்கு முன்னாடி, 1954ல வந்த ஃபாதர் பிரவுன் படத்துக்கு பிரான்சுல நடந்த ஷூட்டிங்ல பாதிரி அங்கியோட ரோட்ல நடந்து போறப்ப, முன்ன பின்ன தெரியாத ஒரு சின்னப் பையன் ஓடி வந்து நெச சாமியார்னு நெனச்சு கையப் புடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டே வந்திருக்கான். ஒரு வேசத்த இவ்ளோ நம்புறானேன்னு அது மனசுல தங்கிடுச்சுன்னு சுயசரிதைல எழுதியிருக்காரு.)

லீனுக்கும் இவருக்கும் இந்தப் படத்துல தெனம் சண்ட. நிக்கல்சன் ஒரு போர் அடிக்கிற ஆளு, அப்பிடியே நடின்னு லீன். போர் அடிக்கிற ஆளா நடிச்சா பாக்குறவனுக்கும் போர் அடிக்கும், கொஞ்சம் சிரிப்பு வேணும்னு இவர். படத்த பாத்தா ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரிதான் இருக்கு.

கத நடக்குறது தாய்லாந்துல, ஆனா படம் எடுத்தது இலங்கைல, கித்துல்கல பக்கம் களனி ஆத்துல. 400 அடிக்கு மேல நீளமா மரத்துலயே நெசமான பாலம் கட்டி, நெசமான ரயில ஓட விட்டு 1957 மார்ச்ல வெடி வச்சாங்க, அன்னைக்கு பிரதமரா இருந்த பண்டாரநாயக்காவும் வந்து பாத்தாரு. இப்ப அங்க பாலம் இல்ல, ஆத்தோரம் அடித்தளக் கான்கிரீட் மட்டும் கெடக்கு, வர்றவங்க ரப்பர் படகுல ராஃப்டிங் போறாங்க.

ஆனா இந்தப் படத்த ஒரு தமிழ் ஆளுக்குக் காட்டும்போது ஒண்ண சொல்லாம விட முடியாது. படத்துல அந்தப் பாலம் எந்த ரயிலுக்காகவோ, அந்த நெச சயாம் (அதான் தாய்லாந்து) பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942-43ல ஜப்பான் ராணுவம் போட்டது. அறுபதாயிரம் போல நேச நாட்டுக் கைதிங்க வேல செஞ்சாங்க, பன்னெண்டாயிரத்துக்கு மேல செத்தாங்க. அவங்கள விட பல மடங்கு ஆசியத் தொழிலாளிங்க, அதுல மலாயா ரப்பர் தோட்டத்துலேருந்து புடிச்சுட்டுப் போன தமிழங்க மட்டும் பல்லாயிரம், காலராவுலயும் பட்டினிலயும் காட்டுலயே போயிட்டாங்க, எத்தன பேருன்னு சரியான கணக்கு கூட யாரும் வைக்கல. மலேசியால இன்னைக்கும் சயாம் மரண ரயில்னுதான் சொல்லுவாங்க. படத்துல அந்த சனங்கள பத்தி ஒரு வரி கிடையாது. சீட்டி அடிச்சுக்கிட்டே அணிவகுத்து வர்ற வெள்ளக்காரங்க மட்டுந்தான். கைதிங்களா இருந்து தப்பி வந்த பிரிட்டிஷ்காரங்களே, எங்க அதிகாரி யாரும் ஜப்பான்காரனுக்கு ஆசையா பாலம் கட்டல, முடிஞ்ச வரைக்கும் கெடுத்துதான் விட்டோம்னு கோவப்பட்டாங்க. ஆக வரலாறுன்னு நெனச்சுப் பாக்கக்கூடாது, ஒரு மனுசனோட வீம்பு எப்பிடி வேல செய்யுதுன்னு பாக்கலாம். அதுக்கு இத விட நல்ல படம் எனக்குத் தெரியாது.

லீன் பேர்னு எடுத்தா அப்புறம் லாரன்ஸ் ஆஃப் அரேபியா, டாக்டர் ஷிவாகோ எல்லாம் இருக்கு, இவர் அதுல சின்ன வேசம், படம் பெரிசு, கின்னஸுக்காகப் பாக்க வேணாம். 1984ல வந்த எ பாசேஜ் டு இந்தியா பத்தி மட்டும் கறாரா சொல்லிடுறேன், அதுல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. பெங்களூர் பக்கம் எடுத்தது, நம்ம ஊட்டி மலை ரயில் வருது, விக்டர் பானர்ஜி பிரமாதம், பெக்கி ஆஷ்க்ராஃப்ட்டுக்கு ஆஸ்கரே கெடச்சுது. எல்லாம் சரி. ஆனா கின்னஸ் அதுல பழுப்பு மை பூசிக்கிட்டு கோட்போலேன்னு ஒரு பிராமணப் பேராசிரியர். அத்தன இந்திய நடிகருங்க பக்கத்துல நிக்கும்போது இவரு மட்டும் ஸ்கூல் ஆண்டு விழா வேசம் மாதிரி. ஆள மாத்துறதுல கில்லாடின்னு நாம இவ்ளோ நேரம் பேசின மனுசனுக்கு எல்லை எங்க இருக்குன்னு தெரியணும்னா கடைசில பாக்கலாம். அவர் ஆடின ஒரு நடனத்த லீன் எடிட்டிங்ல தூக்கிட்டாரு, ரெண்டு பேருக்கும் அதுலயும் மனஸ்தாபம்.

யாரும் பேசாத ஒண்ணு சொல்லவா? 1960ல வந்த ட்யூன்ஸ் ஆஃப் குளோரி. ஸ்காட்லாந்து படைப்பிரிவு ஒண்ணுல சிப்பாயா இருந்து முன்னுக்கு வந்த ஜாக் சின்க்ளேர், செம்பட்ட முடி, விஸ்கி, சத்தமான சிரிப்பு, முரட்டு ஆளு. இவருக்கு மேல அதிகாரியா வர்ற ஒழுங்குப் புலி ஜான் மில்ஸ். அந்த ஒழுங்குப் புலி வேசந்தான் இவருக்குன்னு எவனும் நெனப்பான், க்வாய் கர்னல் மாதிரியே இருக்கறதால இவரு அத விட்டுட்டு நேர் எதிரான முரடன எடுத்துக்கிட்டாரு. க்வாய் பாத்த மறுநாள் இத பாத்தா ஒரே ஆளான்னு சந்தேகம் வரும். தம்பிக்கு ரெண்டாவது வாரத்துக்கு எழுதி வச்சிருக்கேன்.

கடைசியா, மச்சான தூங்க வச்ச அந்த சீரியல். ஏழு எபிசோட், மொத்தம் அஞ்சு மணி நேரத்துக்கு மேல. அமெரிக்காவுக்கு ஆறா வெட்டின ஒரு வடிவமும் சுத்துது, அத எடுத்துடாதீங்க, ஏழு இருக்கறதப் பாருங்க. லு காரே நாவல். பிரிட்டிஷ் உளவுத்துறை உச்சில உக்காந்திருக்க நாலஞ்சு பேர்ல ஒருத்தன் ரஷ்யாக்காரனோட ஆளு, யாருன்னு கண்டுபுடிக்க வேலைலேருந்து தொரத்தப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலிய ரகசியமா கூப்புடுறாங்க. துப்பாக்கி இல்ல, கார் துரத்தல் இல்ல. பழைய ஃபைல், பழைய ஆளுங்க, ஸ்மைலி போய் உக்காந்து கேக்குறாரு. கேக்குறதுதான் மொத்த நடிப்பும். எதிர்ல இருக்கவங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, இவரு கண்ணாடியக் கழட்டித் துடைப்பாரு, மாட்டுவாரு, லேசா தலையத் திருப்புவாரு. அந்த நேரத்துல உள்ள ஏதோ ஒரு கணக்கு நேர் ஆச்சுன்னு நமக்குத் தெரியும். எப்பிடித் தெரியுதுன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது.

மொத சீனே பாருங்க. ஒரு மீட்டிங் ரூம். நாலு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா உள்ள வந்து உக்கார்றாங்க, பேச்சே கிடையாது. ஒருத்தன் ஃபைல அடுக்கி வைக்கிறான், ஒருத்தன் சிகரெட்டு, ஒருத்தர் பைப்போட தலைவர் எடத்துல உக்கார்றாரு, கடைசியா ஒருத்தன் டீ கப்பு மேல சாசர மூடி எடுத்துக்கிட்டு கதவ சரியா சாத்தாம வர்றான். அவ்ளோதான், டைட்டில் ஓடுது, பொம்மைக்குள்ள பொம்மைக்குள்ள பொம்ம, கடைசி பொம்மைக்கு மூஞ்சி இல்ல. அந்த ஒரு நிமிசத்துல நாலு பேரோட ஜாதகமும் இருக்கு, ஆனா மொத தடவ பாக்குறப்ப நாலு பேர் வந்து உக்காந்தானுங்கன்னுதான் தோணும். மச்சான் மேல தப்பில்ல.

இந்த வேசத்துக்கு அவர் எப்பிடி தயாரானாருன்னு ஒரு கத உண்டு. நெச உளவாளி ஒருத்தர பாக்கணும்னு லு காரேகிட்ட கேட்டு, உளவுத்துறைக்கு தலைவரா இருந்து ரிட்டையர் ஆன மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோட மதிய சாப்பாட்டுக்கு உக்காந்திருக்காரு. ஓல்ட்ஃபீல்ட் பேச்சு வாக்குல ஒயின் கிளாஸ் விளிம்ப விரலால தடவிக்கிட்டே இருந்திருக்காரு. அவர் போனதும் இவர் லு காரேகிட்ட அதே மாதிரி செஞ்சு காட்டி, விசம் ஒட்டியிருக்கான்னு பாக்குறாரோன்னு கேட்டாராம். ஒரு மனுசன் தன்ன அறியாம செய்யறத இவ்ளோ கிட்டேருந்து பொறுக்குறாரு. மகனோட நடை மாதிரிதான் இதுவும்.

இதுல டெல்லி ஜெயில்ல நடக்குற ஒரு பழைய கத வரும். ரஷ்ய உளவாளி கார்லாவ எதிர்ல உக்கார வச்சு ஸ்மைலி பேசிக்கிட்டே இருக்காரு, கட்சி மாறிடுன்னு கெஞ்சாத கொறையா, பேசப் பேச தன்னோட சொந்த வாழ்க்கை, பொண்டாட்டி சமாச்சாரம் எல்லாம் வெளில வந்துடுது. கார்லா ஒரு வார்த்த பேசல. இவர் கொடுத்த சிகரெட்ட தொடல, பொண்டாட்டி பரிசா குடுத்த லைட்டர மட்டும் எடுத்துட்டுப் போயிடுறான். கார்லாவா நடிச்சது பேட்ரிக் ஸ்டூவர்ட். பேசாதவன்தான் பெரிய ஆளு மாதிரி தெரியணும், பேசுறவரு தோக்கணும், எழுபது வயச நெருங்கிட்டிருந்த அந்தப் பெரிய நடிகர் அந்தத் தோல்விய அப்பிடி விட்டுக் குடுத்து நடிச்சிருக்காரு. இதோட தொடர்ச்சி ஸ்மைலிஸ் பீப்பிள், 1982, ஆறு எபிசோட், ரெண்டுக்குமே அவருக்கு பிரிட்டன்ல குடுக்குற பாஃப்டா விருது கெடச்சுது. அந்த லைட்டர் அதோட கடைசி சீன்ல திரும்ப வரும், பெர்லின்ல ஒரு பாலத்துகிட்ட. இதுக்கு மேல சொன்னா அடி விழும். 2011ல கேரி ஓல்ட்மேன் நடிச்ச சினிமாவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா அத முதல்ல பாத்தா யார் துரோகின்னு தெரிஞ்சிடும், சீரியல பாக்க அஞ்சு மணி நேரம் ஒதுக்க மனசு வராது, அதனால அது வேணாம்.

அப்ப முடிவு. என் கேள்வி எது சிறந்ததுன்னு இல்ல, அப்பிடின்னா கண்ண மூடிக்கிட்டு ஸ்மைலின்னுடுவேன். எதுக்கு அப்புறம் எது பாத்தா இந்த ஆள் கண்ணுக்குத் தட்டுப்படுவாருங்கறதுதான். க்வாய்ல ஆரம்பிச்சா என்னன்னு நானே நெனச்சேன், பிரம்மாண்டம் இருக்கு, கத இருக்கு, யாரும் தூங்க மாட்டாங்க. ஆனா அதுல வில்லியம் ஹோல்டன் தப்பிச்சு ஓடுறது, கமாண்டோ, வெடின்னு கவனம் செதறும், கின்னஸ் பண்றது கர்னலோட வெறப்புக்குள்ள போயிடும், நல்ல படம் பாத்தோம்னு எழுந்து போயிடுவான். கைண்ட் ஹார்ட்ஸ் எண்ண வச்சிடும். அதனால வெள்ளி ராத்திரி லாவண்டர் ஹில், சின்னப் படம், சிரிச்சுட்டுப் படுக்கலாம், ஆனா அந்த மூஞ்சி மனசுல பதிஞ்சிடும். சனிக்கிழம மத்தியானம் க்வாய், நேத்து ஈஃபில் டவர்ல சிரிச்சுக்கிட்டே எறங்கின அதே காலு இன்னைக்குத் தள்ளாடி நடக்குறத பாக்குறப்பதான் தூக்கி வாரிப் போடும். ஞாயித்துக்கிழம ஸ்மைலி மொத ரெண்டு எபிசோட் மட்டும், புடிச்சா மேல போ, புடிக்கலன்னா அஞ்சு வருசம் கழிச்சு வான்னேன். எட்டு வேசப் படம் அடுத்த வாரம், அப்ப எட்டு பேருக்குள்ளயும் இருக்க அந்த ஒருத்தர தேடிப் புடிக்கிற விளையாட்டே தனி சொகம்.

சூடு சொரண இல்லாம மச்சானுக்கும் இதே வரிசைய வாட்ஸப்புல அனுப்பினேன். ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு.

தம்பி சொன்ன மாதிரியே பாத்திருக்கான். ஞாயித்துக்கிழம ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன். ரெண்டு எபிசோட் முடிச்சுட்டு திரும்ப மொத சீன ஓட்டிப் பாத்தானாம். "அண்ணே, அந்த சாசர கப்பு மேல கவுத்து எடுத்துட்டு கதவ சாத்தாம வந்தானே, அவன்தானே?"ன்னான். ஏன்டா அப்பிடி சொல்றன்னு கேட்டதுக்கு, "தெரியலண்ணே, மத்த மூணு பேரும் ஆபீஸுக்கு வந்த மாதிரி வந்தாங்க, இவன் வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வந்தான்"ன்னான்.

நான் ஒண்ணும் சொல்லல. காலைல கிளாஸ் இருக்குல்ல, படுடான்னு வச்சிட்டேன்.